பூஜை அறைக்குள் உப்புக்காற்று

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்குத் தொண்டி தொடங்கி சாயல்குடி வரை, ராமநாதபுரம் கரையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர்ப் பெயரோடு நிறுத்திவிட்டோம்.

வெள்ளிக்கிழமை விளக்கிய குத்துவிளக்கு திங்கட்கிழமைக்குள் பச்சைக் களிம்பு பிடித்துவிடுகிறது. புளியும் உப்பும் போட்டு அழுத்தித்தான் தேய்க்கிறேன். மதுரையில் என் நாத்தனார் வீட்டு விளக்கு பத்து நாள் பளபளக்கிறது. பூஜையில் ஏதும் குறையோ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.
— வாசகி, மண்டபம்

குறை பூஜையில் இல்லை அம்மா, உப்பில் இருக்கிறது. பித்தளையில் பெரும்பங்கு செம்பு. கடற்காற்றில் வரும் உப்பும் ஈரமும் அதன் மேல் படிந்தால் பச்சை கிளம்பும். மதுரையில் அந்த உப்பு இல்லை, அவ்வளவுதான். போதாததற்கு நீங்களே தேய்க்கும்போது இன்னும் கொஞ்சம் உப்பைச் சேர்க்கிறீர்கள். மரையிலும் திரி வைக்கும் மூக்கிலும் தங்கிப்போகும் அந்த உப்புதான் திங்கட்கிழமை பச்சையாக எட்டிப் பார்க்கிறது.

அடுத்த முறை உப்பை விட்டுவிடுங்கள். விளக்கைக் கழற்றிக் கொண்டை, தட்டு, தண்டு, பாதம் என்று தனித்தனியாக வையுங்கள். பழைய எண்ணெயைக் காகிதத்தால் துடைத்தெடுத்து, சீயக்காய்த்தூள் போட்ட வெந்நீரில் கால் மணி நேரம் ஊறப் போடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு போகாமல் புளி போட்டால் புளி பிசுக்கின் மேல்தான் உட்காரும். பிறகு ஓர் எலுமிச்சை அளவு புளியை அரை டம்ளர் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்துப் பூசி ஐந்து நிமிடம் விட்டால் போதும். ஒரேயடியாக அரை மணி நேரம் ஊற விடுகிறவர்கள் உண்டு. புளிப்பு நீண்ட நேரம் நின்றால் பித்தளையில் கலந்திருக்கும் துத்தநாகத்தை அரித்து, அங்கங்கே செம்பு நிறத் திட்டு விழும். அது அழுக்கென்று நினைத்து மேலும் தேய்ப்பார்கள், திட்டு பெரிதாகும். தேய்ப்பதற்குத் தேங்காய் நார். கம்பி நார் வேண்டாம், அது போடும் கீறல் ஒவ்வொன்றும் உப்பு தங்கும் வாய்க்கால்.

கடைசிக் கழுவல் முக்கியம். உங்கள் ஊர் போர்த் தண்ணீரே உப்பாக இருக்கும். குடிக்கிற தண்ணீர் இரண்டு டம்ளர் எடுத்துக் கடைசியாக அலசுங்கள். உடனே பருத்தித் துணியால் துடைத்து, கால் மணி நேரம் வெயிலில் காட்டி, மரையில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் மரை இறுகி, கழற்ற இரண்டு ஆள் வேண்டியிருக்கும். விளக்கின் வெளிப்புறத்தையும் எண்ணெய் தொட்ட துணியால் லேசாக ஒருமுறை துடைத்துவிடுங்கள். அந்த மெல்லிய பூச்சு காற்றைத் தடுக்கும்.

இன்னொன்று. களிம்பு முதலில் எங்கே தொடங்குகிறது என்று உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் சந்தனப் பொட்டுக்கு அடியில்தான். ஈரச் சந்தனத்தை வைத்து மூன்று நாள் அப்படியே விடாமல், அன்றன்று துடைத்துப் புதிதாக வையுங்கள்.

வாசலுக்கு நேரே பூஜை மாடம். ஏற்றின விளக்கு நிற்பதே இல்லை. பாதியில் அணைந்தால் வீட்டுக்கு ஆகாது என்று மாமியார் பயப்படுகிறார்.
— வாசகி, ராமேஸ்வரம்

காற்றடித்து விளக்கு அணைவது காற்றின் குணம். நிமித்தம் பார்க்க வேண்டியதில்லை, மறுபடி ஏற்றுங்கள். ஊதி அணைக்கக் கூடாது என்பதுதான் மரபு. தானாக அணைந்ததற்கு யாரும் பொறுப்பில்லை.

ஆனால் அடிக்கடி அணைந்தால் காற்றை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. திரியையும் பாருங்கள். கடலோரத்தில் திறந்து வைத்த பஞ்சு ஈரம் குடித்துவிடும். படபடவென்று வெடித்து, கருகி, நுனியில் மொட்டுக் கட்டும். பஞ்சை இறுக மூடும் டப்பாவில் போட்டு வையுங்கள். ஏற்றுமுன் திரியை முழுக்க எண்ணெயில் தோய்த்து, நுனியை மட்டும் பிழிந்துவிட்டு, ஒரு நெல்மணி நீளத்துக்கு வெளியே விடுங்கள். நீட்டி விட்டால் சுடர் பெரிதாகும், பெரிய சுடரைத்தான் காற்று முதலில் பிடிக்கும். சின்ன அகலில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். விளிம்பு வரை ஊற்றாதீர்கள், திரி மிதக்கும்.

ஐப்பசி தொடங்கி வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். ஆனி, ஆடியில் தெற்கும் தென்மேற்கும். விளக்கைக் கிழக்கு முகமாகவோ வடக்கு முகமாகவோ வைக்கிற வீடுகள், வாடை மாதங்களில் மட்டும் மாடத்துக்குள் அரை அடி தள்ளி வைத்தால் போதும். கண்ணாடிக் கூண்டு வைப்பதிலும் தவறில்லை, மேலே திறப்பு உள்ளதாக வாங்குங்கள். மூடிய கூண்டில் புகை கட்டி, சுடர் மூச்சு முட்டி அணையும். அதற்கும் உங்கள் மாமியார் பயந்துவிடப் போகிறார்.

எங்கள் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். வீட்டில் தினமும் மீன் புழங்குகிறது. இந்த வீட்டில் சிவபூஜை செய்யக் கூடாது என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து விளக்கு மட்டும் ஏற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.
— வாசகி, தங்கச்சிமடம்

அந்தப் பெரியவர் அறுபத்துமூவரை எண்ணும்போது அதிபத்தரை விட்டுவிட்டார் போலிருக்கிறது. நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் பரதவர் தலைவராக இருந்தவர் அவர். வலையில் விழும் மீன்களில் ஒன்றை நாள்தோறும் சிவனுக்கென்று கடலில் விட்டவர். ஒரே ஒரு மீன்தான் கிடைத்த நாளிலும் விட்டார். அந்த ஒன்று பொன் மீனாக இருந்த நாளிலும் விட்டார். ஆவணி ஆயில்யத்தில் அவருக்குக் குருபூஜை. மீன் புழங்கும் வீட்டுக்குச் சிவன் வரமாட்டார் என்றால் நாயன்மார் வரிசையில் அவருக்கு இடமே கிடைத்திருக்காது.

ஆகவே கேள்வியை மாற்றிக்கொள்வோம். செய்யலாமா என்பதல்ல, எப்படி வசதியாகச் செய்வது என்பதுதான் கேள்வி. ஒழுங்கு ஒன்றே ஒன்று: மீனை வெட்டுவதற்கு முன் விளக்கு. படகு விடியற்காலையில் கரை சேர்ந்து, மீன் வீட்டுக்கு வரும் நாளில் அதற்கு முந்திக்கொள்ளுங்கள். முந்த முடியவில்லையா, வேலையை முடித்துக் குளித்துவிட்டுச் செய்யுங்கள். இடையில் அரைகுறையாகக் கை கழுவிக்கொண்டு ஓடி வர வேண்டாம். பூஜைக்கென்று ஒரு துண்டு, ஒரு செம்பு, ஒரு தட்டு, இவை சமையல்கட்டுப் பக்கமே போகக் கூடாது. கைவாடைக்குப் புளிக்கரைசலும் பிறகு மஞ்சளும் போதும்.

நைவேத்தியத்துக்குத் தினம் பொங்கல் வடிக்க வேண்டியதில்லை. பனங்கற்கண்டு இரண்டு துண்டு, அல்லது நெல்லிக்காய் அளவு கருப்பட்டி. பனைச் சீமையில் இருந்துகொண்டு பேரீச்சம்பழம் வாங்கி வைக்கிறவர்களைப் பார்த்தால் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது. கருப்பட்டியைத் திறந்து வைத்தால் இங்கே ஒரே இரவில் இளகிவிடும், மூடி போட்ட பாத்திரத்தில் வையுங்கள்.

கடலுக்குப் போகிறவருக்கு ஒரு சின்ன இறுக்கமான டப்பாவில் திருநீறு கொடுத்தனுப்புங்கள். காகிதப் பொட்டலம் கரை தாண்டுமுன் நனைந்து கட்டியாகிவிடும். டப்பாவில் பத்துப் பதினைந்து அரிசி மணியையும் போட்டுவிட்டால் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். படகில் கற்பூரம் கொளுத்துவது வேண்டவே வேண்டாம். டீசலும் அடுப்பும் இருக்கிற இடம் அது. திருநீறு இட்டுக்கொண்டு பெயரைச் சொன்னால் போதும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் சும்மா இருக்கிறோம். திருவாசகம் முழுவதும் ஓத ஆசை. இரண்டு வருடம் தொடங்கி இரண்டு முறையும் முதல் வாரத்திலேயே நின்றுபோனது. எப்படிப் பிரிப்பது?
— வாசகர், பாம்பன்

முதல் வாரத்தில் நிற்பது உங்கள் சோம்பலால் அல்ல. ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். சிவபுராணம் 95 வரி, சுலபம். அடுத்த நாள் கீர்த்தித் திருஅகவல் 146 வரி. அதற்கடுத்த நாள் திருவண்டப்பகுதி 182. நான்காம் நாள் போற்றித் திருஅகவல் 225. தாண்டிவிட்டால் ஐந்தாம் நாள் திருச்சதகம், நூறு பாட்டு! பழக்கமில்லாத நாக்குக்கு இது செங்குத்தான ஏற்றம். ஆனால் ஏழாவதான திருவெம்பாவையிலிருந்து சிறு சிறு பதிகங்களாக இறக்கம்தான். பலர் அந்த இறக்கத்தைப் பார்க்காமலேயே திரும்பிவிடுகிறார்கள்.

திருவாசகத்தில் 51 பகுதிகள். திருச்சதகம் பத்துப் பத்தாகப் பிரிந்தே இருக்கிறது, அதற்குப் பத்து நாள் கொடுங்கள். நீத்தல் விண்ணப்பம் 50 பாட்டு, அதற்கு இரண்டு நாள். மற்ற 49 பகுதிகளுக்கும் ஆளுக்கொரு நாள். கூட்டிப் பாருங்கள், 61 நாள் சரியாக வரும்.

தேதிப்படி சொன்னால், ஏப்ரல் 15 முதல் 18 வரை முதல் நான்கு. இந்த நான்கு நாளும் பாதியைக் காலையிலும் மீதியை மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். 19 முதல் 28 வரை திருச்சதகம். 29, 30 இரண்டு நாளும் நீத்தல் விண்ணப்பம். மாணிக்கவாசகர் அதை உத்தரகோசமங்கையில் பாடினார் என்பதால் அந்த இரண்டு நாளில் ஒருநாள் அங்கே போய், மங்களநாதர் சந்நிதியில் உட்கார்ந்து ஓதினால் அந்தப் பாட்டு வேறு மாதிரி கேட்கும். மே 1 திருவெம்பாவை. மே 10 திருப்பொன்னூசல், அதுவும் உத்தரகோசமங்கைப் பாட்டுத்தான். ஜூன் 14 அச்சோப்பதிகத்தோடு நிறைவு.

ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டையும் சேர்த்து ஓதலாம். இரண்டு நாள் விட்டுப்போனால் சேர்க்காதீர்கள், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். நிறைவு ஜூன் 16 ஆனால் என்ன குறைந்துவிடும்? படகு கிளம்பின பிறகும் கடைசி இரண்டு பதிகத்தைப் படகின் முன்பக்கம், அணியத்தில் உட்கார்ந்து ஓதலாம். அதற்காகப் புத்தகத்தைக் கொண்டுபோய் நனைக்க வேண்டாம், அந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தி வீட்டார் ராமேஸ்வரம் வருகிறார்கள். சம்பந்தியம்மாவுக்கு 70 வயது, முழங்கால் வலி. 22 தீர்த்தமும் ஆடியே தீருவேன் என்கிறார். எப்படி அழைத்துப் போவது? கடலில் குளிக்க நாள் பார்க்க வேண்டுமா?
— வாசகர், ராமநாதபுரம்

மற்ற ஊர்களில் அமாவாசை, பௌர்ணமி போன்ற பர்வ நாள் தவிரக் கடலைத் தொடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ராமேஸ்வரத்துச் சேதுக் கடலுக்கு அந்த விதி கிடையாது, எந்த நாளும் நீராடலாம். ஆகவே நாள் பார்க்காதீர்கள், கூட்டம் பாருங்கள். ஆடி, தை, மகாளய அமாவாசைகளையும் அவற்றுக்கு முன்பின் நாட்களையும் தள்ளுங்கள். விடுமுறையில்லாத ஒரு வாரநாள் உத்தமம்.

ஸ்படிக லிங்க தரிசனம் அதிகாலை 5 மணியளவில். அதுவும் வேண்டுமென்றால், அறையில் குளித்து உலர்ந்த உடையோடு முதலில் அதைப் பார்த்துவிடுங்கள். பிறகு அக்னி தீர்த்தம். அங்கே கடல் குளம்போல அடங்கியிருக்கும். முழங்கால் அளவுத் தண்ணீரில் சம்பந்தியம்மாவை உட்கார வைத்துச் செம்பால் மொண்டு ஊற்றுங்கள். நின்றபடி முங்கி எழச் சொல்ல வேண்டாம். அங்கிருந்து ஈரத்தோடு கோயிலுக்குள் வந்து, மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கி கோடி தீர்த்தத்தில் முடிப்பது முறை. கிணற்றுக்குக் கிணறு வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். வயதானவர் என்று சொல்லி, அரை வாளி, தோளில் ஊற்றக் கேளுங்கள். தலையில் சடாரென்று விழுந்தால் மூச்சு வாங்கும், மார்கழியில் கேட்கவே வேண்டாம்.

கனத்த பட்டோ கெட்டிப் பருத்திப் புடவையோ வேண்டாம். நனைந்தால் காலைச் சுற்றும், ஈரக் கல்தளத்தில் விழுவதற்கு அதுதான் முதல் காரணம். மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு கட்டுங்கள். காதுக்கருவி இருந்தால் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியமானது, உங்களில் ஒருவர் அன்று குளிக்கக் கூடாது. நனையாத அந்த ஒருவரிடம்தான் மாற்றுடை, மாத்திரை, பணம், ஒரு துண்டு எல்லாம் இருக்க வேண்டும். ஈர உடையோடு சுவாமி தரிசனத்துக்கு விடமாட்டார்கள். எல்லோரும் நனைந்துவிட்டு மாற்றுடை விடுதியில் இருக்கிறதென்று கைபிசைந்து நிற்கும் குடும்பங்கள் அங்கே சாதாரணக் காட்சி. கைபேசி உள்ளே கொண்டுபோக முடியாது என்பதால் சந்திக்கும் இடத்தையும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

தரிசனத்தில் அனுமன் கொண்டுவந்த விஸ்வலிங்கம் முதலில், பிறகு சீதை மணலால் பிடித்த ராமலிங்கம். மூலவருக்கும் முன்னால் அனுமனுக்கு மரியாதை செய்கிற கோயில் அது.

பத்துக் கிணற்றோடு முழங்கால் மறுத்தால் நிறுத்திவிடுங்கள். கோடி தீர்த்தத்தை ஒரு செம்பில் கொண்டுவந்து தலையில் தெளித்தால் யாத்திரைக்குக் குறைவில்லை. இதைச் சம்பந்தியம்மாவிடம் கிளம்புவதற்கு முந்தின நாளே சொல்லிவிடுங்கள். கிணற்றடியில் வைத்துச் சொன்னால் கேட்கமாட்டார்.

அமாவாசைக்கு வரும் உறவினர்கள் தர்ப்பணம் முடித்து, உடுத்திய துணியைக் கடலில் விட்டுவிட்டுப் போகிறார்கள். உடைந்த சாமி படங்களையும் எங்கள் கையில் கொடுத்துக் கடலில் போடச் சொல்கிறார்கள். தடுத்தால் பாவம் என்கிறார்கள்.
— வாசகர், ராமேஸ்வரம்

தடுங்கள். தர்ப்பணத்துக்கு வேண்டியது எள், தண்ணீர், தர்ப்பை. தெற்கு முகமாக நிற்கும்போது அக்னி தீர்த்தத்தில் கடல் இடதுகைப் பக்கம் இருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே எள்ளும் தண்ணீரும் இறங்க வேண்டும். ஒருவருக்கு ஒரு கைப்பிடி கறுப்பெள் தாராளம். காற்று வேகமாக இருந்தால் எள்ளை முதலிலேயே நனைத்துக்கொள்ளுங்கள், பறக்காது. தகப்பனார் இருக்கிறவர்கள் தர்ப்பணம் செய்வதில்லை. வாசலில் கோலம் போடுவது தர்ப்பணத்துக்குப் பிறகுதான். இதில் எங்கேயாவது துணி வருகிறதா?

அலையடிக்காத கடலில் போட்ட துணி எங்கேயும் போகாது. அடியில் படிந்து, அடுத்து முங்குகிறவர் காலைச் சுற்றும். மிதந்து போனால் வலையில் சிக்கும். கடற்பசு மேய்கிற கடற்புல் வளரும் பகுதி இது. பழைய உடையைக் கழிக்கத்தான் வேண்டுமென்றால் துவைத்து, தேவைப்படுகிறவருக்குக் கொடுக்கட்டும்.

படங்களுக்கு வழி எளிது. கண்ணாடியையும் சட்டத்தையும் கழற்றிப் பழைய சாமான்காரரிடம் கொடுங்கள். காகிதத்தை ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு நாள் ஊற வைத்துக் கூழாக்கி, கால்படாத மரத்தடியில் ஊற்றுங்கள். லேமினேட் செய்த படம் கரையாது. அதற்கு நல்ல வழியே இல்லை, இனி வாங்காமலிருப்பதைத் தவிர.

பதினோரு வருடமாகத் தினமும் முக்கால் மணி நேரம் பூஜை. நான்கு ஸ்தோத்திரம். வாய் சொல்கிறது, மனம் பள்ளி வேன், கேஸ் சிலிண்டர் என்று ஓடுகிறது. முன்பு கண்ணீர் வரும், இப்போது ஒன்றும் வருவதில்லை. நான் நடிக்கிறேனோ?
— வாசகி, கீழக்கரை

நடிக்கிறவர் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார். கண்ணீர் வந்தது ஒரு காலம், வராதது ஒரு காலம். இரண்டையும் பூஜையின் மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் நான்கு ஸ்தோத்திரம் உங்களுக்கு அதிகம் என்பது எங்கள் கருத்து. முக்கால் மணி நேரத்துக்குள் நான்கையும் முடிக்கும் அவசரத்தில் எதுவும் காதில் விழுவதில்லை. 48 நாளுக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றையும் விடுகிறோமே என்ற பயம் முதல் வாரம் இருக்கும், பிறகு போய்விடும். எது அந்த ஒன்று என்று கேட்டால், மனம் ஓடுகிறவர்களுக்குப் பாம்பன் சுவாமிகளின் சண்முக கவசத்தைச் சொல்வோம். 1891-இல் பாடியது. 30 பாட்டு: 12 உயிரெழுத்து, 18 மெய்யெழுத்து என்று அகரவரிசையில் ஒவ்வொரு பாட்டும் தொடங்கும். இதில் ஒரு வசதி இருக்கிறது. மனம் நழுவித் திரும்பி வரும்போது, எந்த எழுத்தில் நழுவினோம் என்று தெரியும். 'ஊ' வரை இருந்தேன், 'ஐ'யில் சிலிண்டர் வந்துவிட்டது என்று சொல்ல முடியும். திரும்பிப் போய் 'எ'யிலிருந்து எடுங்கள். பத்து நாளில் நழுவுகிற இடம் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதைக் காண்பீர்கள். அந்த இரண்டு பாட்டை மட்டும் பொருள் தெரிந்து வாய்விட்டு, மெதுவாக. அவர் 1894-இல் 35 நாள் தவமிருந்த பிரப்பன்வலசை உங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது, ஒருமுறை போய்வாருங்கள்.

மீதமாகும் நேரத்தை வேறு பாராயணத்தால் நிரப்பாதீர்கள். பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். வாரத்தில் ஒருநாள், ஒரு மணி நேரம், பக்கத்தில் ஆளில்லாத சின்னக் கோயில் ஒன்றைப் பெருக்குங்கள். அப்பர் கையில் உழவாரம் இருந்தது அலங்காரத்துக்காக அல்ல. வாய் சலித்துப்போன இடத்தில் கை வேலை செய்யும்.

வறட்சி பற்றி ஒரு வார்த்தை. மேலே பாம்பன் வாசகருக்குச் சொன்ன நீத்தல் விண்ணப்பம் 50 பாட்டும் என்னைக் கைவிட்டுவிடாதே என்ற ஒரே மன்றாட்டுத்தான். மாணிக்கவாசகருக்கே அந்தப் பயம் ஐம்பது பாட்டு நீளத்துக்கு இருந்திருக்கிறது. உங்களுக்கு வந்தால் அதிசயமில்லை.

இன்னொரு நடைமுறை விஷயம்: வேன் வரும் நேரத்துக்கு முந்தின அரைமணியில் பூஜை வைத்தால் மனம் வேனுக்குத்தான் போகும். விடியற்காலைப் பாங்கு கேட்கிற ஊரில் உங்களுக்கு அலாரம் தேவையில்லை. அந்த நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

எங்கள் ஊர்க் கடலுக்குள் நவக்கிரகமாக நிற்கும் ஒன்பது கற்கள், அந்த நவபாஷாணத்தில் நவதானியம் எவ்வளவு போட வேண்டும்? கடைக்காரர் ஒரு கிலோ என்கிறார்.
— வாசகர், தேவிபட்டினம்

வகைக்கு ஒரு கைப்பிடி. சூரியனுக்குக் கோதுமை, சந்திரனுக்கு நெல், செவ்வாய்க்குத் துவரை, புதனுக்குப் பச்சைப்பயறு, குருவுக்குக் கொண்டைக்கடலை, சுக்கிரனுக்கு மொச்சை, சனிக்கு எள், ராகுவுக்கு உளுந்து, கேதுவுக்குக் கொள்ளு. வீட்டிலிருந்தே துணிப்பையில் கொண்டுபோங்கள். ஒன்பது சுற்று. தானியம் மட்டும் தண்ணீரில் விழ வேண்டும், உறையும் சேர்ந்து விழக் கூடாது.

உத்தரகோசமங்கையில் தாழம்பூ சாத்துகிறார்களே, சிவனுக்கு அது ஆகாதென்பார்களே? வீட்டிலும் சாத்தலாமா?
— வாசகி, திருப்புல்லாணி

அது அந்தத் தலத்துக்கான வழக்கம், அங்கேயே இருக்கட்டும். வீட்டில் சிவனுக்கு வில்வம் வையுங்கள். வில்வத்தைக் கழுவி மறுபடி சாத்தலாம், காய்ந்ததும் ஆகும். கிடைப்பது அரிதான நம் பக்கத்துக்கு இது பெரிய சலுகை. அங்கே மரகத நடராஜர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருப்பவர். மார்கழித் திருவாதிரையை ஒட்டி ஒருமுறைதான் அதைக் களைவார்கள். அந்தக் களைந்த சந்தனம் உங்களுக்குக் கிடைத்தால் குளியலறைப் பக்கம் வைக்காதீர்கள், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். நிழலில் உலர்த்தி, கண்ணாடிப் புட்டியில் வைத்துத் தேவைப்படும்போது துளி தண்ணீரில் குழைத்து இட்டுக்கொள்ளுங்கள்.

உப்பளத்தில் வேலை. கார்த்திகைச் சோமவாரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கிறேன். மதியம் தலை சுற்றுகிறது.
— வாசகர், வாலிநோக்கம்

பாத்தியில் வெயிலில் நிற்கிறவர் தண்ணீரை விடக் கூடாது. காலையில் நீராகாரம், நடுவில் உப்புப் போட்ட மோர், இரவு ஒரு வேளைச் சாப்பாடு. இதுவும் விரதம்தான். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவராக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளையைக்கூட விடாதீர்கள்.

ஜபமாலைக் கயிறு ஆறு மாதத்தில் இற்றுப்போகிறது. மாலை அறுந்தால் தோஷமா?
— வாசகர், தொண்டி

கயிறு அறுந்தால் கயிறு மாற்ற வேண்டும். வியர்வையும் உப்பும் பருத்தி நூலைத் தின்றுவிடும். அறும்வரை காத்திராமல் ஆறு மாதத்துக்கொருமுறை நீங்களே பிரித்துவிடுங்கள். மணிகளை நல்ல தண்ணீரில் மெல்லிய தூரிகையால் கழுவி, நிழலில் காயவைத்து, நல்லெண்ணெய் தொட்டுத் துடைத்து, மணிக்கு மணி முடிச்சிட்டுக் கோருங்கள். முடிச்சிருந்தால் ஓர் இடத்தில் அறுந்தாலும் மற்ற மணிகள் சிதறா. நிதானமாகச் சொன்னால் 108 முறை ஐந்தெழுத்துச் சொல்ல நான்கைந்து நிமிடம்தான் ஆகும். இரண்டு நிமிடத்தில் முடிகிறதென்றால் கயிற்றின் மேல் தவறில்லை.

மாடத்தில் துளசி தங்குவதே இல்லை. இலை ஓரம் பழுப்பாகிக் கருகிவிடுகிறது. இது மூன்றாவது செடி.
— வாசகி, சாயல்குடி

தினம் போர்த் தண்ணீரை ஊற்றி மாடத்து மண்ணையே உப்பாக்கியிருப்பீர்கள். இலையின் ஓரம் முதலில் கருகுவது அதன் அடையாளம். மாடத்து மண்ணை முழுதும் எடுத்துக் கொட்டுங்கள். அடியில் துளையுள்ள தொட்டியில் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு போட்டுச் செடியை வைத்து, தொட்டியோடு மாடத்தில் இறக்குங்கள். மணல் கடற்கரை மணலாக இருக்கக் கூடாது. தினம் ஒரு டம்ளர் குடிக்கிற தண்ணீரோ, அரிசி கழுவின முதல் தண்ணீரோ போதும். ஐப்பசி மழையில் தொட்டியைத் தூக்கி முற்றத்தில் வைத்துவிடுங்கள். அடித்துளை வழியே தண்ணீர் ஓடி வடிய வடிய நனைந்தால் மண்ணில் சேர்ந்த உப்பு இறங்கிவிடும். மழை விட்டதும் மறுபடி மாடத்துக்கு.